பழுது பார்த்தலும் புதுக்குதலும்



தமிழ்ப் பேச்சு வழக்கில் பழுது நீக்குதல் என்பது அரிது. பழுது பார்த்தல் என்பதே பெருவழக்கு. மருத்துவர் வைத்தியம் பார்க்கிறார். மருத்துவச்சி பிரசவம் பார்க்கிறாள். கணக்கர் கணக்குப் பார்க்கிறார். செய்தல் என்னும் வினை வரவேண்டிய இடங்களிலெல்லாம் பார்த்தல் என்னும் வினை வந்து அமர்ந்திருக்கிறது. கை செல்வதற்கு முன் கண் செல்ல வேண்டும் என்பதை இவ்வழக்கு குறிப்பால் உணர்த்துகிறது எனலாம். இதே சொல்லுக்குள் ஓர் இடரும் ஒளிந்திருக்கிறது. ஒரு பழுதைப் பார்க்கத் தொடங்கிய கண் அந்த ஒன்றோடு நிற்பதில்லை. கண்ணுக்கு எல்லை யார் வகுப்பது? இவ்வினா மோட்டார்ப் பட்டறைகளில் நாள்தோறும் எழுகிறது. ஏட்டுச்சுவடியோடு வாழ்ந்தவர்களுக்கும் கவிதையைத் திருத்துவோர்க்கும் கூட இது புதிய வினா அன்று.

ஜவ்வாது மலைக்குப் போளூர், செங்கம், ஆலங்காயம் என்று பல பக்கங்களிலிருந்து சாலைகள் ஏறுகின்றன. மேலே ஜமுனாமரத்தூர் வரை கொண்டையூசி வளைவுகளும் சரிவுகளும் உண்டு. ஏறும்போது எஞ்சினும் கிளட்சும் சோதிக்கப்படுகின்றன, இறங்கும்போது பிரேக்கு. அத்தகைய சாலையில் ஓடிய பழைய வண்டி ஒன்று அடிவாரத்துப் பட்டறைக்கு வருவதாகக் கொள்ளலாம். குறை மிகச் சிறியது. பிரேக்கு மிதித்தால் கீச்சென்று ஓர் ஒலி. லைனிங் தேய்ந்திருக்கிறது. மாற்றுவதற்கு அரைநாள் போதும்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவிப் பார்க்கிறார் மெக்கானிக். வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் வீங்கி, பிரேக் ஆயில் கசிந்து கிடக்கிறது. அதை அப்படியே விட்டுப் புது லைனிங் போட்டால், எண்ணெய் பட்டு அதுவும் கெடும். ஆகவே சிலிண்டரையும் கழற்ற வேண்டும். அதில் பூட்டியிருக்கும் இரும்புக் குழாயின் நட்டைத் திருப்பினால், துருவேறிய நட்டோடு குழாயும் முறுக்கிக்கொண்டு ஒடிகிறது. புதுக் குழாய் இழுக்க வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறார்கள். குழாயைப் பிடித்திருந்த கிளிப்பு இருக்க வேண்டிய இடத்தில் தகடே இல்லை. மேலிருந்து கால்மிதியைத் தூக்கினால் தரைத்தகட்டின் வழியே தார்ச்சாலை தெரிகிறது. தகடு ஒட்ட வெல்டிங் வைக்க வேண்டும். தீப்பொறி பட்டால் எரியும் என்பதால் இருக்கை, மெத்தை, ஒயரிங் யாவும் வெளியே வந்தாக வேண்டும். இருக்கை போல்ட்டு நான்கில் மூன்றின் தலை முறிகிறது. ஒயரை இழுத்தால் அதன் உறை பொடிப்பொடியாக உதிர்கிறது. காலையில் லைனிங் மாற்ற வந்த வண்டி மாலையில் சக்கரமும் இருக்கையும் இன்றிக் கட்டைகளின்மேல் நிற்கிறது.

இதில் மெக்கானிக்கின் சூது ஏதும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேலையைப் பெருக்கிக் கூலி பறிப்போர் எல்லாத் தொழிலிலும் உண்டு. அது வேறு கதை. இங்கே வேலை தானாகப் பெருகுகிறது. ஒரே நாளில் ஆலையை விட்டு வந்த உறுப்புகள் ஒரே மழையில் நனைந்து, ஒரே வெயிலில் காய்ந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் மூப்படைகின்றன. முதலில் குரல் கொடுப்பது ஒன்று. ஓசையின்றி நைந்துகொண்டிருப்பவை பல. துருவின் இயல்பும் கருதத்தக்கது. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள் புகுந்த துரு அம்மடிப்பை உள்ளிருந்தே பிளக்கிறது. வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே அதன் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். கடுகளவு கொப்புளத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். திருப்புளி பிடிவரை உள்ளே போய்விடும்.

இன்னொரு காரணம் விந்தையானது. புதிதாகப் போட்ட உறுப்பே பழைய உறுப்புகளின் பகையாகி விடுவது உண்டு. தளர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலாகப் புதியதைப் பூட்டியவுடன் குழாய்களில் அழுத்தம் முழுமையாக ஏறுகிறது. அதுகாறும் குறைந்த அழுத்தத்தில் எப்படியோ தாக்குப்பிடித்த பழைய வாஷர்கள் ஒவ்வொன்றாகக் கசிகின்றன. போர் செய்து புது பிஸ்டன் போட்ட எஞ்சினின் வலிமையைத் தேய்ந்த கிளட்ச் பிளேட்டு தாங்குவதில்லை. இவற்றோடு கண்ணின் குற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்டு அடித்தால் அக்கதவு அழகாவதற்கு மாறாக, மற்ற மூன்றும் அழுக்காகத் தோன்றுகின்றன.

மேலைநாட்டுப் படகுக்காரர்கள் இதைக் கப்பல் தச்சரின் நோய் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஒரு பலகையை மாற்றப் போனவர் படகையே மாற்றி முடிப்பார் என்பது கருத்து. தமிழில் இதற்கு ஒரு பெயர் இல்லாதது வியப்பே. வெண்பா பாடுவோர் இந்நோயைத் தொன்றுதொட்டு அறிவர்.

வெண்பாவில் ஒரே ஒரு சொல்லை மாற்ற முனைந்தவருக்கு என்ன நேர்கிறது? மாச்சீராக இருந்த இடத்தில் பொருட்சிறப்புடைய காய்ச்சீர் ஒன்று கிடைக்கிறது. அதை அமைத்தவுடன் தளை தட்டுகிறது. மாமுன் நிரை வந்து இயற்சீர் வெண்டளையாக இருந்த இடத்தில், இப்போது காய்முன் நேர் வர வேண்டும். அடுத்த சீர் நிரையசையில் தொடங்குவதால் அதையும் மாற்ற வேண்டியதாகிறது. அதை மாற்றினால் மோனை போகிறது. மாற்றிய சொல் அடியின் முதற்சீராக இருந்துவிட்டாலோ எதுகை போகும். எதுகைக்காக அடுத்த அடியின் முதற்சீர். அதன் தளைக்காக அதற்கடுத்த சீர். ஈற்றடியில் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டுக்குள் வந்து நிற்கும்போது பழைய பாட்டில் எஞ்சியிருப்பது பொருள் மட்டுமே. சிலவேளை அதுவும் இல்லை. இவ்வவையில் வெண்பா எழுதுவோர் இதற்குச் சான்று கூறுவர். கட்டுக்கோப்பு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு தொலைவுக்கு ஒரு சிறு மாற்றம் பரவும். புதுக்கவிதைக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது மேலோட்டமான எண்ணம். அங்கே தளை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

வண்டிகளிலும் கட்டுக்கோப்பின் வேறுபாடு உண்டு. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஒட்டி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014ஆம் ஆண்டுவரை ஆலையிலிருந்து வெளிவந்த அம்பாசிடர், உடலையே சட்டமாகக் கொண்டது. கதவின் கீழுள்ள பெட்டித்தகடு அதில் வெறும் அலங்காரம் அன்று. வண்டியின் எடையைத் தாங்கும் உறுப்பு. அது நைந்தால் கதவு சரியாகச் சாத்தாது. கதவைச் சரிசெய்ய முனைபவர் அடித்தளத்துக்குத்தான் போய்ச் சேர்வார்.

சென்னை வண்டியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு மாறானது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் அது உருவாயிற்று. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. முழு உடலையும் ஒரே கூடாக அழுத்தி உருவாக்கித் தரும் ஆலை ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு அப்போது வாய்க்கவில்லை. எனவே தனியே ஒரு சேஸிஸ் செய்து, உடலைப் பல துண்டுகளாக ஆக்கி, அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டினார்கள். முன்பக்க மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்னோக்கிக் கவிழும். எஞ்சின், முன்சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் தெரியும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதன் வழிவந்த கெசல் 1970களில் ஓடியது. 1980களின் இறுதியில் அந்த ஆலையிலிருந்து கார்கள் வருவது நின்றுபோயிற்று.

ஹெரால்டைப் பிரிப்பது எளிது. அதுவே அதன் சிறப்பு. அதை வைத்திருப்போர்க்கு அதுவே பொறி. கைப்பெட்டியில் நான்கு ஸ்பேனர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். பூட்டுவதற்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும் என்பதைக் கழற்றும்போது யாரும் எண்ணுவதில்லை. துண்டு துண்டான உடல் என்பதால், ஒரு துண்டைச் சற்றே விலக்கிப் பூட்டினாலும் அடுத்தடுத்த இடைவெளிகள் யாவும் கோணும். கதவு, மூடி, பின்பெட்டி என்று ஒவ்வொன்றாக மறுபடி தளர்த்திச் சமன்படுத்த வேண்டும். பழைய வண்டிகளுக்கு உண்மையான சாவு சாலையில் நேர்வதில்லை. கொட்டகையில், பிரித்த நிலையில், டப்பாக்களில் போட்ட நட்டுகளும் போல்ட்டுகளும் எங்கெங்கே உரியவை என்பது மறந்துபோன நாளில் நேர்கிறது. அக்கொட்டகையைச் சுற்றிப் பெருக்கும் இல்லத்தரசியைக் கேட்டால், எந்த ஆண்டில் எந்தப் பண்டிகைக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள் என்பதை வரிசையாகச் சொல்வார்.

பிரித்தல் எல்லாமே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவுவிடுதியில் வேலைசெய்து சேர்த்த பணத்தில் அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதை ஓட்டித் திரியவில்லை; அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய வாழ்வுக்கு அதுவே பாடசாலை. அவர் பிரித்தது பழுதால் அன்று, அறிவதற்காக. ஆனால் பூட்டி முடித்தார் என்பதே அக்கதையின் உயிர். கோவையில் 2015இல் திறக்கப்பெற்ற ஜீ.டி. கார் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் பழைய வண்டிகளைக் காண்போர் அவற்றின் பளபளப்பை வியக்கிறார்கள். வியக்க வேண்டியது அவை முழுமையாக நிற்பதை.

மீண்டும் மலைக்கு வரலாம். ஜவ்வாது மலையின் சிற்றூர்களில் வண்டி என்பதன் பொருளே வேறு. சாமையும் தேனும் புளியும் பலாவும் இறங்குவதும், அரிசியும் உப்பும் ஏறுவதும், நோயாளியும் கருவுற்றவளும் மருத்துவமனை போய்ச் சேர்வதும் அதனால்தான். அங்கே ஒரு ஜீப்பைக் கட்டையில் ஏற்றி ஆறு மாதம் பிரித்துப்போட யாருக்கும் இயலாது. எனவே அங்குள்ள பழுது பார்த்தலுக்கு வேறொரு கலை உண்டு: பார்த்ததையெல்லாம் செய்யாமலிருக்கும் கலை. பிரேக்கை இன்றே செய்ய வேண்டும். அதில் சமரசம் இல்லை. தரைத்தகடு மழைக்கு முன். பெயிண்டு எப்போதாவது, அல்லது ஒருபோதும் இல்லை. ஒடிந்த கிளிப்புக்குக் கம்பி. கிழிந்த மெத்தைக்குச் சாக்கு. நகரத்திலிருந்து வரும் பழைய கார் ஆர்வலர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் எது உயிர்நிலை, எது தோற்றம் என்று பிரித்தறியும் இவ்வறிவு குறைந்த மதிப்புடையது அன்று. பொருளும் பொழுதும் இல்லாமை கற்றுக்கொடுத்தது அது. வறுமையைப் புகழ்வது கற்றோரிடம் உள்ள கெட்ட பழக்கம். ஆகவே இதை இதற்குமேல் நீட்ட வேண்டுவதில்லை.

சிறு பழுது பெரும்பணியாகப் பெருகியதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று ஒரு மோட்டார் வண்டி அன்று, ஒரு காப்பியம். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சிற்றிலக்கியங்களை மலைமலையாகப் படித்திருந்த இளைஞரிடம் முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். ஐயர் அதுவரை அதைப் படித்ததில்லை. படிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான் தொடக்கம், ஒரு நூலைப் பாடம் சொல்வது. படிக்கப் புகுந்தால் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. அதற்குக் கும்பகோணத்துச் சமணர்களை அணுகினார். உரையாசிரியர் நச்சினார்க்கினியரைத் துணைக்கொண்டால், அவரோ நூற்பெயர் சுட்டாமல் பிறர் கூற்றென்று மட்டும் சொல்லி மேற்கோள்களை அடுக்கிக்கொண்டு போகிறார். மேற்கோள் எந்த நூலினது என்று தெரியாமல் உரை விளங்காது. உரை விளங்காமல் மூலம் விளங்காது. அம்மேற்கோள்களைத் தேடித் திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டியபோதுதான் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கண்ணில் பட்டன. லைனிங் மாற்ற வந்தவர் சேஸிஸைக் கண்ட கணம் அது.

சிந்தாமணி 1887இல் அச்சேறியது. அதை விளக்கத் தேடிய பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல், ஐங்குறுநூறு 1903இல், பதிற்றுப்பத்து 1904இல், பரிபாடல் 1918இல், குறுந்தொகை 1937இல். ஒவ்வொன்றும் அடுத்ததன் வாயிலைத் திறந்தது. 1942இல் அவர் மறையும்வரை அப்பணி முடியவில்லை. அவரைப் பற்றிப் பேசுவோர் அலைச்சலையும் செலவையும் வறுமையையும் விரிப்பர், அவை உண்மை. ஆனால் பட்டறைக் கண்ணோடு நோக்கினால் வேறொன்று தெரிகிறது. அவர் எல்லாவற்றையும் ஒருசேரப் பிரித்துப் போட்டுக்கொண்டு எதையும் பூட்டாமல் விடவில்லை. கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடு குறித்து, ஒன்றை அச்சேற்றி வெளியே அனுப்பினார். பின்னர்க் கிடைத்த ஏட்டைக்கொண்டு மறுபதிப்பில் திருத்தினார். முழுமை வரட்டும் என்று காத்திருந்தால் சிந்தாமணியே வெளிவந்திராது. பதிப்புப்பணியில் இறங்கிப் பெட்டி பெட்டியாகக் குறிப்புகளை மட்டும் விட்டுச்சென்ற புலவர்கள் தமிழ்நாட்டில் பலர். அவர்களின் புலமை ஐயருடையதைவிடக் குறைந்தது என்று சொல்லத் துணிவு வேண்டும். நட்டுகள் டப்பாவிலேயே தங்கிவிட்டன.

அவ்வாறு வெளிவந்த பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அதன் 583 அடிகளும் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனை நோக்கிக் கூத்தரை வழிப்படுத்துவன. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். எந்த வழியில் ஏறுவது, எங்கே வழுக்கும், எங்கே விலங்குக்கு அஞ்ச வேண்டும் என்று மலைவழியை அடியடியாகச் சொல்லும் பாட்டு அது. அந்த வட்டாரத்தின் மிகப் பழைய வழிகாட்டி நூல், கும்பகோணத்தில் யாரோ ஒருவர் வேறொரு நூலைப் பற்றி வேறொரு கேள்வி கேட்டதன் பயனாக அச்சு வடிவம் பெற்றது. பழுது பெருகுவதை நோய் என்று மட்டும் சொல்லிவிட முடியாமல் செய்வது இதுவே.

ஆயின் எங்கே நிற்பது? பழங்கட்டடங்களைப் புதுக்குதல் பற்றி 1964இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுக்குதல் நின்றுவிட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. பழைய மோட்டார் வண்டிகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் அச்சாசனத்தின் வழியிலேயே செல்கிறது. வண்டி எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இருக்கும்வரை செய்யலாம். எப்படி இருந்திருந்தால் அழகாக இருக்கும் என்பது புதுக்குதல் ஆகாது. இந்தியாவிலும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்ந்த திருத்தம், முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய வழிசெய்தது. அதற்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி. வண்டி தன் மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றும் அளவுக்குப் பெரும்புதுக்கம் நடந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அரசிதழின் உலர்ந்த நடையில் வந்திருக்கிறது, ஏட்டுப் பதிப்பாசிரியர்களின் பழைய வழக்கு.

இந்நிபந்தனை எவ்வளவு இடர்ப்பாடானது என்பது புதுப்பேட்டை அறிந்தவர்க்குத் தெரியும். சென்னையின் அப்பழைய உறுப்புச் சந்தையில் ஒரு வண்டியின் கதவும், இன்னொன்றின் விளக்கும், மூன்றாவதன் கியர் பெட்டியும் கிடைக்கும். மூன்று வண்டிகளிலிருந்து ஒன்றைத் தேற்றினால் அது எந்த வண்டி? அதே மாதிரி, அதே ஆண்டு என்றால் பாடவேறுபாடு இல்லாத ஏட்டிலிருந்து இடைவெளியை நிரப்பியதற்கு ஒப்பாகும், குற்றம் சொல்வதற்கில்லை. வேறு மாதிரியின் விளக்கை அழகு கருதிப் பொருத்தினால் அது இடைச்செருகல். இரண்டுக்கும் நடுவே உள்ள நிலம் அகன்றது. வண்டிக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

திருமழபாடிக் கோயிலில் நடந்தது இங்கே நினைவுகூரத் தக்கது. முதலாம் இராசராசன் ஆட்சியின் பிற்பகுதியில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையாயிற்று. பிரிப்பதற்கு முன் சுவர்களிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில், எழுந்துநின்ற புதுச்சுவரில் அவற்றைத் திரும்பப் பொறித்தார்கள்; இன்ன காரணத்தால் படியெடுத்துப் பொறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பொறித்தார்கள். கல் புதிது, சொல் பழையது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. இன்று நல்ல பட்டறைகளில் பிரிக்குமுன் படம் எடுப்பதும், ஒவ்வொரு போல்ட்டையும் சீட்டுக் கட்டி வைப்பதும் இதன் வேறு வடிவமே. அதைச் செய்யாதவர்களின் சாக்குப்பைகளில் கிடப்பதை இரும்பு என்று சொல்லலாமே ஒழிய வண்டி என்று சொல்ல இயலாது.

புறநானூற்றில் 267, 268 என்னும் எண்களுக்குப் பாட்டு இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. புறப்பாட்டுகள் பலவற்றில் சொற்கள் சிதைந்த இடத்தில் புள்ளிகளே அச்சாகியுள்ளன. அந்த இடங்களை நிரப்பும் ஆற்றல் ஐயருக்கு இல்லாமலில்லை. செய்யுள் இயற்ற வல்லவர் அவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு நான்கு சீர் புனைவது ஒரு பொருட்டா? புனைந்திருந்தால் கண்டுபிடிப்பாரும் அரியர். கவிஞர்கள் நிறைந்த அவையில் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதுக்குபவனுக்குத் திறமை இல்லாதபோது கேடு குறைவு. ஒட்டு வெளியே தெரிந்துவிடும். பெருந்திறமை உடையவன் கையில்தான் பழையது தடமின்றி அழியும். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, ஏழு பூச்சுப் பெயிண்டு அடித்து, ஆலையிலிருந்து வந்த நாளில்கூட இல்லாத பளபளப்போடு நிற்கும் ஹெரால்டு அத்தகையது. ஓட்டியவரின் கை ஐம்பதாண்டு தேய்த்து வழவழப்பாக்கிய ஸ்டியரிங் சக்கரத்தையும் சேர்த்துப் புதிதாக்கிவிட்டால் அதில் எஞ்சியிருப்பது பதிவெண் மட்டுமே.

ஜவ்வாது மலையிலேயே, ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூரில், வேறு வகைப் பராமரிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வேணு பாப்புவின் முயற்சியால் அங்கே எழுந்த வானாய்வு நிலையத்தில் 1972இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977இல் யுரேனசுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தபோது அதற்குரிய நோக்கீடுகள் சில இக்கருவியாலும் கிடைத்தன. பாப்பு 1982இல் மறைந்தார்; அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர்ப் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் அவர் பெயர் பெற்றது. சைஸ் கருவி நின்றுவிடவில்லை. 2022 டிசம்பரில் அதன் 50 ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள்.

ஐம்பதாண்டில் அதைச் சுற்றியுள்ளவை மாறியிருக்கின்றன. ஒளிப்படத் தகடு போய் மின்னணுக் கருவி வந்தது. கையால் எழுதிய குறிப்பேடு போய்க் கணிப்பொறி வந்தது. தொலைநோக்கியின் உயிர்நிலை அதன் ஆடி. அது கண்ணாடி, அதன் முகத்தில் பூசியிருப்பது அலுமினியப் படலம். மயிரிழைக் கனத்தில் நூற்றில் ஒரு பங்கினும் மெல்லிய அப்படலந்தான் விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மலைக்காற்றின் ஈரமும் தூசும் பட்டு அது நாளடைவில் மங்கும். மங்கியதும் ஆடியைக் கழற்றி இறக்கி, பழைய படலத்தைக் கரைத்துக் கழுவி, காற்று நீக்கிய கலத்துக்குள் வைத்துப் புதுப்படலம் ஏற்றுகிறார்கள். கண்ணாடியைத் தேய்ப்பதில்லை, அதன் வளைவைத் தொடுவதில்லை. கீறல் ஒன்று கண்ணில் பட்டாலும் ஒளிக்கு இடையூறு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவது அத்துறையின் வழக்கம். படலம் ஏறிய ஆடி மீண்டும் குழாய்க்குள் போகிறது. வானம் தெளிந்திருந்தால் அன்றிரவே கூரை திறக்கிறது.